மதுரையில் ஓர் இருட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை இருட்டில் மருந்தில் கழுவி, பேப்பரில் பிரிண்ட் போடும் அறை எங்கள் டார்க்ரூம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்க்க வருகிறவர்களும் போனில் விசாரிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அந்த இடங்களில் சொல்ல வேண்டியது அவ்வளவு இருந்தது.

நீங்கள் யார்? ஸ்டூடியோவா, பயிற்சிப் பள்ளியா?

இரண்டும் இல்லை. மாசி வீதிப் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கீழே ஸ்டூடியோவாக இருந்த இடம் இப்போது செல்போன் கடை. மாடியிலிருந்த டார்க்ரூமை மட்டும் வீட்டுக்காரர் இடிக்காமல் விட்டிருந்தார். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு வங்கி ஊழியர், ஒரு பள்ளி ஆசிரியை, கல்யாண போட்டோகிராபர்கள் இரண்டு பேர் என்று கலவையான கூட்டம் எங்களுடையது. இவர்களுக்கு நடுவில் முப்பது, நாற்பது வருடம் ஸ்டூடியோக்களில் பிரிண்ட் போட்ட மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் எங்களிடம் இருப்பது வெறும் இருட்டுதான்.

போனிலேயே நல்ல படம் எடுக்கலாமே, இது எதற்கு?

போனில் எடுங்கள். நாங்களும் எடுக்கிறோம். போட்டி எதுவும் கிடையாது.

உங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டுத் தொங்கும் தாத்தா படத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். அந்தப் படத்தை இருட்டில் நின்று போட்டவரின் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் அவர் செய்த வேலை படம் முழுக்க இருக்கிறது. தாத்தாவுக்கு நல்ல கறுத்த முகம். கட்டியிருப்பது வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. முகம் தெளிவாக வரும்படி வெளிச்சம் கொடுத்தால் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகப் போய்விடும். வேட்டியின் மடிப்பு தெரியும்படி கொடுத்தால் முகம் கரியாகிவிடும். பிரிண்ட் போட்டவர் முகத்தின் மேல் ஒரு கம்பி நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டை ஆட்டி சில நொடி வெளிச்சத்தை மறைத்திருப்பார். பிறகு இரண்டு கைகளையும் குவித்து நடுவில் ஓட்டைவிட்டு, வேட்டிக்கு மட்டும் கூடுதலாகச் சில நொடி கொடுத்திருப்பார். பட்டுச்சேலையும் நகையுமாக நிற்கும் கல்யாணப் பெண்ணுக்கு வேறு கணக்கு.

இந்தக் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் டாட்ஜிங், பர்னிங் என்று அந்த உத்தி இருக்கிறது. ஆனால் நம் முகத்துக்கும் நம் வேட்டிக்கும் உரிய கணக்கு அதில் இல்லை. அது இந்த மூன்று பெரியவர்கள் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அறை.

மதுரைக்கும் இதற்கும் அப்படி என்ன தொடர்பு?

பழைய தொடர்பு. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் இங்கே வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் புது மண்டபத்தையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். பிலிம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதியும் நெகட்டிவாக அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகிதம். அதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வெறிச்சென்று விழுந்த வானத்தில் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகம் வரவழைத்த படங்களும் அவரிடம் உண்டு. எங்கள் பெரியவர்கள் நெகட்டிவைப் பென்சிலால் திருத்தும் ‘டச்சிங்’ வேலைக்கு அதை ஒரு மூத்த உறவு என்று நான் சொல்வேன்.

அப்புறம் ஊருக்கு ஊர் ஸ்டூடியோக்கள் வந்தன. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. படங்களை அவர்கள் காப்பாற்றுகிறார்கள். வேலையைக் காப்பாற்றுவது எங்கள் பங்கு.

என்னிடம் பிலிம் கேமரா இல்லை. வரலாமா?

தாராளமாக. முதல் நாள் யாருக்கும் கேமரா தேவையில்லை. ஒரு வேப்பிலைக் கொத்தையோ வளையலையோ பேப்பர் மேல் வைத்து ஒரு நொடி வெளிச்சம் காட்டினால் படம் விழும். பேப்பர் தட்டில் நனைந்து படம் மெல்ல மெல்ல எழுந்துவருவதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். கேமரா வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணில் தேடுங்கள். ஆக்ஃபா கிளிக் III பெட்டி பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது. 120 என்ற அகலமான பிலிமில் 12 படம் எடுக்கும். நெகட்டிவ் பெரிது என்பதால், படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் இல்லாமலே பேப்பர் மேல் வைத்துப் பிரிண்ட் எடுத்துவிடலாம்.

சிவப்பு விளக்கில் பிலிமைக் கழுவலாமா?

கூடாது. கழுவுவது என்று நாங்கள் சொல்வது பிலிமை மருந்தில் போட்டுப் படம் வரவழைப்பதை. சினிமாவில் காட்டுவதைப் பார்த்து வரும் குழப்பம் இது. சிவப்பு பல்பு கறுப்பு வெள்ளை பேப்பருக்கு மட்டும். இன்றைய பிலிம் பெரும்பாலும் சிவப்பையும் பார்க்கும். அதனால் முழு இருட்டில்தான் அதை டேங்கில், அதாவது வெளிச்சம் புகாத டப்பாவில், சுற்ற வேண்டும். டேங்கை மூடிய பிறகு அறை விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

மதுரை வெயிலில் பிலிம் கழுவ முடியுமா?

அதிகம் வருகிற கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

படத்தை வரவழைக்கும் மருந்துதான் டெவலப்பர். அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 20 டிகிரிக்குரியது. சித்திரை மாதம் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் கைவைக்க முடியாமல் கொதிக்கும். சூடு கூடினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும். இல்ஃபோர்டு எச்பி5 பிலிமை டி-76 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் போட்டால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். முப்பது டிகிரியில் அது பாதிக்கும் கீழே போய்விடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் மருந்து எல்லா இடத்திலும் சமமாகப் பிடிக்காது. வானம் திட்டுத் திட்டாக வரும்.

அதனால் நாங்கள் 20 டிகிரிக்குப் போராடுவதில்லை. 24 டிகிரியைப் பிடிக்கிறோம். டெவலப்பரை ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து நீர்க்க வைக்கிறோம். அப்படிக் கலந்தால் 20 டிகிரியில் 11 முதல் 13 நிமிடம். 24 டிகிரியில் சுமார் 8, 9 நிமிடம். நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கிறது.

அந்த 24ஐப் பிடிப்பது எப்படி? முதல் நாள் இரவே மண்பானையில் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிடுவோம். மதுரைக் காற்றில் ஈரம் குறைவு. பானை நன்றாகவே குளிரும். காலை ஐந்து மணிக்கு வேலையை ஆரம்பித்தால் கோடையிலும் பெரும்பாலும் பனிக்கட்டி தேவைப்படாது. தேவைப்பட்டால் பாட்டில்களை ஒரு பேசினில் நிறுத்திச் சுற்றிலும் பனிக்கட்டி போடுவோம். மருந்துக்குள்ளேயே போடக் கூடாது, கரைந்து கலவை மாறிவிடும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடுவது கடைசியில் அலசும் தண்ணீரில். டெவலப்பரை 24இல் வைத்துவிட்டுக் கடைசியில் பிலிமைக் குழாய்க்குக் கீழே பிடிப்பார்கள். குளிர்ந்த பிலிம் திடீரென்று சூட்டைப் பார்த்ததும் அதன் மேலுள்ள ஜெலட்டின் படலம் உப்பிச் சுருக்கம் விழுந்து, வற்றிய கண்மாய் மண் மாதிரி வெடித்துவிடும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. ஒரு மே மாதம் நானே ஒரு முழு ரோலை அப்படிக் கெடுத்திருக்கிறேன். என் அத்தையின் அறுபதாம் கல்யாணம் அதில் இருந்தது. அன்றிலிருந்து டெவலப்பர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, அலசும் தண்ணீர் மூன்றுக்கும் ஒரே தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்க்காமல் டேங்கைத் திறப்பதில்லை.

பெரியவர்கள் ஹைப்போவில் படிகாரம் சேர்ப்பார்கள். வீட்டில் முகச்சவரத்துக்குப் பிறகு தேய்க்கும் அதே படிகாரம்தான். அது ஜெலட்டினை இறுக்கி, சூட்டில் இளகாமல் பார்த்துக்கொள்ளும். இன்றைய பிலிம்கள் தயாரிப்பிலேயே இறுக்கப்பட்டு வருவதால் அவ்வளவாகத் தேவையில்லை. பழைய ஸ்டாக் பிலிமுக்கு நாங்கள் இன்றும் சேர்க்கிறோம்.

போர் தண்ணீர் சரிப்படுமா?

நடுவில் அலசுவதற்கு ஓடும். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளை வெள்ளையாகச் சொட்டுத் தடம் நிற்கும். பிரிண்டில் அது அப்படியே விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் போதும், இரண்டு மூன்று ரோலுக்கு வரும். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் பிடித்து வடிகட்டிய தண்ணீரையும் பயன்படுத்தியிருக்கிறோம், குறையொன்றும் இல்லை.

ஒரு பிரிண்ட் போட எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் பிரிண்டுக்கு ஒரு காலைப்பொழுது. நெகட்டிவை என்லார்ஜரில் செருகுமுன் தூசியை ஊதுபந்தால் ஊதுகிறோம். லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து வெள்ளைத் தாளில் ஃபோகஸ் பார்த்து, பிறகு லென்ஸின் துளையை இரண்டு படி மூடுகிறோம். அடுத்தது டெஸ்ட் ஸ்ட்ரிப். விரலகலப் பேப்பர் துண்டை அட்டையால் மூடி, மூன்று நொடிக்கு ஒரு தரம் அட்டையை நகர்த்தினால் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு நொடிகளின் அடர்த்தி படிக்கட்டாக விழும். அதிலிருந்து நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பர் என்றால் டெவலப்பரில் ஒரு நிமிடம், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் சில நொடி, வேகமாக வேலை செய்யும் வகை ஹைப்போவில் அரை நிமிடம், இரண்டு நிமிடம் அலசல். அந்தப் பூச்சில்லாத ஃபைபர் பேப்பருக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். ஹைப்போவை வெளியேற்றும் மருந்தில் போடாவிட்டால் ஒரு மணி நேரம் அலச வேண்டும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் அது அநியாயம். அதனால் ஃபைபர் பேப்பரை அந்த மருந்து இருக்கும்போது மட்டுமே எடுக்கிறோம்.

புதிதாக வருகிறவர்கள் படம் கறுத்துவிடுமோ என்று பயந்து பேப்பரை டெவலப்பரிலிருந்து பாதியிலேயே உருவிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கறுப்பு சாம்பலாகத்தான் நிற்கும். எங்கள் ஐயா ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். புதியவரின் கையைப் பிடித்துத் தட்டின் விளிம்பை ஆட்டவைத்து, அறுபது எண்ணி முடியும்வரை கையை விடமாட்டார். கறுத்துப்போனால் போகட்டும், அடுத்த தாளில் வெளிச்சத்தைக் குறை. மருந்துக்குரிய நேரத்தைக் குறைக்காதே என்பார். நான் இங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

டச்சிங் கற்றுத்தருவீர்களா?

ஆம். ஆனால் இரண்டு மாதம் பிரிண்ட் போட்ட பிறகுதான்.

வெளியே அதிகம் தெரியாத கலை இது. முகத்தின் சுருக்கம் பிரிண்டில் கறுப்புக் கோடாக விழுகிறதென்றால் நெகட்டிவில் அந்த இடம் வெளிறியிருக்கிறது என்று பொருள். அங்கே பென்சிலால் துளித் துளியாக நிரப்பினால் பிரிண்டில் கோடு இளகும். நெகட்டிவின் வழவழப்பில் பென்சில் பிடிக்காது. அதற்கென்று ஒரு மெருகுத் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்க வேண்டும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்க வேண்டும். கண்ணாடி பதித்த சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைத்து, கீழிருந்து வெளிச்சம் வரவிட்டு, கோடு இழுக்காமல் புள்ளியாகவும் காற்புள்ளியாகவும் தொட வேண்டும். சாதாரணக் கேமராவின் 35 எம்எம் நெகட்டிவ் இதற்குச் சிறிது. பெரிய நெகட்டிவில்தான் செய்ய முடியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் டச்சிங் என்றாலே முகத்தை வெளுப்பாக்குவது என்று பலர் கேட்டு வாங்கினார்கள், எங்கள் பெரியவர்களும் செய்துகொடுத்தார்கள். நாங்கள் அதைக் கற்றுத்தருவதில்லை. கண்ணுக்குக் கீழே நிழலை இளக்குவதும் நெகட்டிவின் கீறலை மறைப்பதும் ஒன்று. ஒருவரின் நிறத்தையே மாற்றுவது வேறு. இதைப் பேசி முடிவெடுத்த அன்று அதிகம் வற்புறுத்தியவர் எங்கள் பெரியவர்களில் ஒருவர்தான்.

பிலிமும் பேப்பரும் இன்னும் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன, இறக்குமதிதான். இங்கிலாந்தின் இல்ஃபோர்டு 2004இல் நொடித்து, அங்கே வேலை செய்தவர்கள் சிலர் அதை வாங்கி மீட்டெடுத்தார்கள். செக் நாட்டின் ஃபோமா 1921இல் தொடங்கி இன்றும் பிலிமும் பேப்பரும் செய்கிறது. கோடக் 2012இல் திவால் மனு கொடுத்துவிட்டு மீண்டும் எழுந்தது. அதன் டிரை-எக்ஸ் பிலிம் இன்றும் வருகிறது.

வருத்தமான கதை நம்முடையது. 1960இல் நிறுவி 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டியில் இருந்தது. குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் பிலிம் பூசும் வேலைக்குத் தேவை. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், பேப்பர், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. எங்கள் பெரியவர்கள் மூவரும் இந்து பேப்பரில்தான் கை பழகியவர்கள். கலரும் பிறகு டிஜிட்டலும் வந்தபோது நிறுவனம் தாக்குப்பிடிக்கவில்லை; நலிந்து, கடைசியில் மூடப்பட்டது. ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. சிறிய அளவிலாவது அதைத் தொடர்ந்திருக்கலாம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஃபோமா தாக்குப்பிடித்ததே.

செலவைக் குறைக்க 100 அடி ரோலாகச் சேர்ந்து வாங்கி, இருட்டில் அளந்து பிரித்துக்கொள்கிறோம். 36 படம் வீதம் பதினெட்டு ரோல் வரும். பெரிய பெட்டிக் கேமராவில் எக்ஸ்ரே பிலிமைப் போடுகிறவர்களும் எங்களில் உண்டு. நீலத்துக்கும் பச்சைக்கும் மட்டும் உணர்வுள்ள வகையைச் சிவப்பு வெளிச்சத்திலேயே கழுவலாம். இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு இருப்பதால் கீறல் சீக்கிரம் விழும்.

காலாவதியான பேப்பர் தந்தால் வாங்கிக்கொள்வீர்களா?

சந்தோஷமாக. சூட்டில் கிடந்த பேப்பர் வெளிச்சமே படாமல் சாம்பல் பூத்துப்போகும். அப்படி இருந்தாலும் பழகுகிறவர்களுக்குப் போதும்.

மருந்துகள் உடம்புக்குக் கெடுதலா?

கவனமில்லாமல் இருந்தால் ஆம். டெவலப்பரிலுள்ள மெட்டால் என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் தரும். பெரியவர்களில் ஒருவரின் விரல்கள் அதனாலேயே இன்றும் வறண்டு கிடக்கின்றன. அவர் காலத்தில் வெறுங்கைதான். இங்கே கையுறையும் இடுக்கியும் கட்டாயம். தூள் கலக்கும்போது முகமூடி. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாவிட்டால் தட்டில் மருந்து ஊற்றமாட்டோம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு வேப்பிலைப் படம் மட்டும். தட்டைப் பெரியவர்கள் ஆட்டுவார்கள்.

தீர்ந்த ஹைப்போவை எங்கே ஊற்றுகிறீர்கள்?

சாக்கடையில் ஊற்றுவதில்லை. பிலிமிலும் பேப்பரிலும் வெளிச்சம் படாத வெள்ளி உப்பெல்லாம் ஹைப்போவில் கரைந்து நிற்கிறது. அது நீரில் வாழும் உயிர்களுக்கு விஷம். கேனில் சேர்த்துவைத்து இரும்பு நாரைப் போட்டால் இரும்பு கரைந்து வெள்ளி வண்டலாகப் படியும். எக்ஸ்ரே பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கும் தொழில் செய்கிறவர் வந்து கேனோடு வாங்கிப்போகிறார். ஹைப்போ தீர்ந்ததா என்று பார்க்க, வெட்டிப்போட்ட பிலிம் துண்டு ஒன்றை முக்குங்கள். புதிய ஹைப்போவில் துண்டு தெளிய எடுத்ததைப் போல இரு மடங்கு நேரம் ஆனால் மாற்றிவிட வேண்டும்.

நான் பெண். இருட்டறையில் பாதுகாப்பு எப்படி?

கேட்டது நல்லது. பழைய ஸ்டூடியோ டார்க்ரூம்கள் ஆண்களின் இடமாகவே இருந்தன. இங்கே அப்படி இருக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தோம். தாழ்ப்பாள் உள்பக்கம்தான். இரண்டாம் ஞாயிறு பெண்கள் மட்டும். எங்கள் ஆசிரியை நடத்துகிறார். மற்ற நாட்களிலும் யாரும் யாரோடும் தனியாக நிற்கத் தேவையில்லாதபடி மூன்று பேராவது இருப்போம்.

கலர் பிலிம் கழுவுவீர்களா?

இப்போதைக்கு இல்லை. அது 38 டிகிரியில் நடக்கும் வேலை, எங்கள் ஊர்ச் சூட்டுக்குத் தோதானதும்கூட. ஆனால் எங்களுக்குக் கற்றுத்தரும் கை கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறது.

வீட்டில் பழைய நெகட்டிவ்கள் கிடக்கின்றன. பிரிண்ட் போடலாமா?

கொண்டுவாருங்கள். ஆனால் துடைக்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த நெகட்டிவை நனைத்தால் படலமே வழிந்துபோகலாம். புளித்த காடி வாடை வந்தால் அது அசிடேட் பிலிம் சிதைகிறது என்பதன் அறிகுறி. மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துக் காற்றோட்டமாக வையுங்கள். 1950களுக்கு முந்தைய நெகட்டிவ் நைட்ரேட்டாக இருக்கக்கூடும், எளிதில் தீப்பிடிக்கும். அதைப் பரணிலும் அடுப்பங்கரைக்குப் பக்கத்திலும் வைக்கவே வேண்டாம். கண்ணாடி நெகட்டிவ்களைப் படுக்கையாக அடுக்காமல், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிச் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுவாருங்கள்.

எங்கள் ஊர் ஸ்டூடியோவை மூடப்போகிறார்கள். சாமான்களை எடுத்துக்கொள்வீர்களா?

சொன்ன அன்றே கிளம்பி வருவோம். என்லார்ஜர் இரும்புக் கடைக்குப் போனாலும் இன்னொன்று தேடிப் பிடித்துவிடலாம். நெகட்டிவ் பெட்டிகளும், எந்த நெகட்டிவ் யாருடையது என்று எண்போட்டு எழுதிய ரெஜிஸ்டரும் போனால் போனதுதான். அவற்றை எடைக்குப் போடாமல் இரண்டு நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள். அங்கே பிரிண்ட் போட்டவர் இன்னும் ஊரில் இருக்கிறார் என்றால் அவர் வீட்டு வழியையும் கேட்டுவையுங்கள். சாமான்களைப் பார்க்குமுன் அவரைத்தான் போய்ப் பார்ப்போம்.